பாடுகிறவருக்குப் பதிலாகப் பிடிக்கிறவர்

“…காரணத்தை அவன் சொல்லமாட்டான், நான் சொல்றேன். அவனைப் பயந்தாங்கொள்ளின்னு பேசுனது போதும்யா” என்று அண்ணன்காரர் எழுந்தபோது, மெஸ் ஹாலில் பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட நின்றுபோனது. கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அந்தக் கை ஏன் அங்கே இருந்தது என்று எங்கள் ரூம்காரர்களுக்குத் தெரியும். எதிரே இருந்த, கேம்ப்பை நடத்துகிற கேம்ப் பாஸுக்குத் தெரியக் கூடாது.

இந்த அரபு நாட்டில் எங்கள் கம்பெனிக்கு முசஃபாவில் ஒரு தொழிலாளர் கேம்ப், ஜெபல் அலியில் ஒரு கேம்ப், வேறு இடங்களில் சின்னச் சின்னதாக இன்னும் சில. வெயில் தணிந்தால் கேம்ப்களுக்குள் கபடி நடக்கும். எங்கள் முசஃபா செட் என்றால் மற்றவர்களுக்குச் சிரிப்பு. பிடிப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வரத்தான் ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு பாயிண்டில் தோற்போம். யாரும் யாரோடும் பேசாமல் பஸ் திரும்பி வரும். கம்பெனி பஸ் ஓட்டுகிறவன் நான் என்பதால் அந்த ஊமைப் பயணம் எனக்கு மனப்பாடம்.

“தாழ்ப்பாள் போடத் தெரியும், வெளியே போகத்தான் தெரியாது. இதுக்குப் பேரு செட்டா, ஜெயிலா?” என்பார் எங்கள் சமையல்காரர், ராமநாதபுரத்துக்காரர். அவர் சொல்வதையெல்லாம் நான் மனதில் முடிந்து வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் இப்படி மனிதர்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான்.

ஜெபல் அலி கேம்ப்பில் ஒருத்தர் இருந்தார், ஒரத்தநாட்டுப் பக்கம். மூன்று பேர் காலைக் கட்டிக்கொண்டாலும் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டில் கையை வைத்துவிடுவார். அவர் வீடியோ இல்லாத போன் எங்கள் கேம்ப்பில் கிடையாது. அந்தப் பக்கம் பாடுகிறவர்கள் கூட்டமாக இருந்தார்கள், பிடிக்கத்தான் ஆள் பஞ்சம். அதனால் தூது வந்தது: அவரைத் தருகிறோம், உங்கள் லெஃப்ட் கார்னரைக் கொடுங்கள்.

லெஃப்ட் கார்னர் என்றால் இடது மூலையில் நின்று, வருகிறவனின் கணுக்காலைப் பார்த்து விழுகிறவர். எங்களுக்கு அது தம்பிக்காரர். அண்ணனும் தம்பியும் அரியலூர்ப் பக்கம், இரண்டு பேரும் வெல்டர்கள். ஒரத்தநாட்டுக்காரரும் வெல்டர். வெல்டருக்கு வெல்டர் மாற்றினால் கம்பெனிக்குக் கணக்கு ஒன்றும் குறையாது. கேம்ப் பாஸ் மேலே ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இங்கே ஆளை மாற்றுவது பல்பு மாற்றுகிற மாதிரி. ஒரே வாட் என்றால் எந்த ஹோல்டரிலும் எரிய வேண்டியதுதான்.

தம்பி போனால் என்ன ஆகும் என்பது வேறு கதை. போன கோடையில் வேலை செய்கிற யார்டில் அண்ணன் வெயிலில் சுருண்டு விழுந்தார். தண்ணீர் தெளித்து, உப்புக் கரைசல் கொடுத்து, இரண்டு நாள் ரூமில் கிடந்து எழுந்துவிட்டார். வலது கை மட்டும் எழவில்லை. சோற்றைப் பிசைந்தால் உதறும். சட்டைப் பித்தானைப் போட்டால் உதறும். ஊரில் மூத்த மகள் நர்சிங் படிப்பில் பாதியில் இருந்தாள். “அவ முடிக்கிற வரைக்கும்டா” என்று தம்பியிடம் ஒரே ஒரு முறை சொன்னதாகக் கேள்வி. அதன் பிறகு அவர்களுக்குள் அந்தப் பேச்சே இல்லை.

வெல்டிங் ஹெல்மெட்டைக் கீழே இறக்கிவிட்டால் யார் முகம் யாருக்குத் தெரியும்? ஒரே நீலக் கவரால் உடுப்பு, ஒரே உயரம். பக்கத்துப் பக்கத்தில் வேலை வாங்கிக்கொண்டார்கள். அண்ணன் கிரைண்டரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து இரண்டு பேர் குழாய்களையும் தேய்த்துச் சுத்தம் செய்வார். தம்பி இடம் மாறி இடம் மாறிக் குனிந்து, இரண்டு பேர் ஜாயிண்ட்டையும் பற்றவைப்பார். ஓவர்டைம் இல்லாத நாளிலும் அந்தப் பையன் எங்கள் பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். பையன் என்கிறேன், முப்பதைத் தாண்டியவன்தான்.

கை விஷயம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எங்களிடம் முன்னுதாரணம் உண்டு. கண்பார்வை மங்கிய பெயிண்டர் ஒருவருக்கு விசா கேன்சல் ஆனது. ஏர்போர்ட்டுக்குக் கேம்ப் பாஸே தன் காரில் கொண்டுபோய் விட்டார். ஊரிலிருக்கும் அவர் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார், கட்டிப்பிடித்து அழுதார், விட்டுவிட்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, நாகர்கோவில்காரர். மனசு அவருடையது, முடிவு அவருடையது இல்லை.

அப்படிப்பட்டவர் முன்னால்தான் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் கூட்டம் கூடியது.

“மக்கா, இந்தத் தடவ கப்பு நம்ம கேம்ப்புக்கு வரணும்” என்று ஆரம்பித்தார் கேம்ப் பாஸ். “ஜெபல் அலிக்காரனுவ என்னைப் பாத்தாலே கபடி கபடின்னு பாடிக் காட்டுதானுவ. ஒரு ஆளக் குடுத்து ஒரு ஆள எடுக்கோம், அதுல என்ன யோசனை?”

பாதிப் பேருக்கு யோசனையே இல்லை. ஒரத்தநாட்டுக்காரர் வந்தால் போதும் என்று கைதட்டினார்கள். எங்கள் ரூம்காரர்கள்தான் கைதட்டவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாரும் கபடிக் காரணம் தேடினோம்.

நான் முதலில் எழுந்தேன். “அண்ணே, அவரு பெரிய ஆளுதான், இல்லேங்கல. ஆனா அவரும் ஒரு தடவை அவுட் ஆவாருல்ல? வெளியே போய் உக்காந்தா அவரைத் திரும்ப உள்ள கொண்டுவர, நாம எவனையாவது பிடிச்சாகணும். பிடிக்கிறவனைக் கொடுத்துட்டா அவரு பெஞ்சுலயே உக்காந்திருக்க வேண்டியதுதான்.”

“அவரு அவுட்டே ஆகமாட்டாரு” என்றான் புதிதாக வந்த கடலூர்க்காரன்.

“ஆகாத ஆளு பொறக்கலடா.”

“உனக்கு பஸ் ஓட்டத் தெரியும், ஓட்டுண்ணே.”

எல்லாரும் சிரித்தார்கள். ராமநாதபுரத்தார் கரண்டியோடு வந்து நின்றார். “குழம்புக்குக் கறி வாங்குறேன்னு அடுப்பை வித்தவன் கதையா இருக்கு. கறி இருக்கும், எதுல வேக வைப்ப?”

“அடுப்புக்கு ரைட் கார்னர் இருக்காரே” என்றது ஒரு குரல்.

“ஒத்தைக் கல்லுல அடுப்பு நிக்குமா?”

கபடிக் காரணத்துக்குக் கபடியிலேயே பதில் உண்டு. அதுதான் எங்களுக்கு வினை. ஒன்றைச் சொன்னால் ஒன்றைக் கொண்டுவந்து அடித்தார்கள். உண்மையாகச் சொன்னால், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. வருஷம் முழுக்க இரும்போடு கிடக்கிற மனிதர்களுக்கு ஒரு நாளாவது ஜெயிக்க ஆசை இருக்காதா? எனக்கே இருந்தது.

கேம்ப் பாஸ் தம்பியைப் பார்த்தார். “நீ சொல்லு மக்கா. ஜெபல் அலியில புது பில்டிங், ரூமுக்கு நாலு பேருதான். உனக்கு என்ன கஷ்டம்?”

“நான் போகலண்ணே.”

“ஏன்னு கேக்கேன்.”

“போகல. அவ்வளவுதான்.”

“அண்ணனப் பத்தி யோசிக்கியா? ஒண்ணரை மணி நேரத் தூரம். அவரு நல்லாத்தான இருக்காரு? போன வாரம் இன்ஸ்பெக்ஷன்ல அவரு போட்ட ஜாயிண்ட்டத்தான் முதல் தரம்னு சொன்னானுவ. அவர மாதிரி ஒரு கை இங்க இருக்கும்போது, நீ போனாலும் யார்டுக்கு ஒண்ணும் குறையாது.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகக் கையின்மேல் உட்கார்ந்தார். நான் சமையல்காரரைப் பார்த்தேன், அவர் கரண்டியைப் பார்த்தார்.

பேசாதவன்மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். ஏற்றினார்கள். ஒரத்தநாட்டுக்காரர் வந்துவிட்டால் தன் பேர் மங்கிவிடும் என்று பயம் என்றார்கள். ஜெபல் அலியில் இவனை விடப் பெரிய கார்னர்கள் இருப்பார்கள், அந்தப் பயம் என்றார்கள். தம்பி மேஜை விளிம்பில் ஒட்டியிருந்த காய்ந்த பருக்கையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். பதில் சொல்லியிருந்தால் ஒருவேளை அடங்கியிருப்பார்கள். ஒன்றும் பேசாதது திமிராகப் பட்டது.

“கலாஸ், பேச்சு முடிஞ்சுது, அவன் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன” என்று கேம்ப் பாஸ் போனை எடுத்தார். “நான் ஆபீஸ்ல பேசிருதேன். ஆர்டர் வந்தா போய்த்தான ஆகணும்.”

அப்போதுதான் அந்தக் கடலூர்க்காரன் வாயை விட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. வந்து சில மாதங்கள்தான், வேறு பிளாக். “அதுக்கு இல்லண்ணே, அண்ணனை விட்டுப் போனா இவன் வேலை நாறிரும். பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கிறான் பாருங்க, அண்ணன் செய்ற வேலையில இவன் குளிர் காயுறான். தனியா விட்டா ஒரு ஜாயிண்ட் உருப்படியாப் போடமாட்டான்.”

ஹாலில் சிரிப்பு எழுந்தது. தம்பியின் நகம் நின்றது. நிமிர்ந்து கடலூர்க்காரனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். கெஞ்சல்தான் இருந்தது, அதுவும் கடலூர்க்காரனிடம் இல்லை. கண் அவனைத் தாண்டிச் சுவரோரம் போனது. வேண்டாம் அண்ணே, வேண்டாம் என்கிற மாதிரி தலை லேசாக ஆடியது.

அண்ணன் அதற்குள் எழுந்துவிட்டார். முதலில் முணுமுணுப்பாகத்தான் பேச்சு வந்தது, பாதியிலிருந்துதான் எங்கள் காதில் விழுந்தது. அதைத்தான் முதலில் எழுதினேன்.

“அண்ணே, உக்காருங்க” என்றேன் நான். “எதுவா இருந்தாலும் ரூம்ல பேசிக்கலாம்.”

“ரூம்ல பேசிப் பேசித்தான்யா அவன் இப்படித் தலைகுனிஞ்சு உக்காந்திருக்கான்.”

கேம்ப் பாஸ் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “என்னண்ணே விஷயம்?” என்றார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் இரண்டு வரிசை பெஞ்சுகளைத் தாண்டி கேம்ப் பாஸின் மேஜைக்கு வந்தார். சமையல்காரர் அப்போதுதான் கொண்டுவந்து வைத்த பாலில்லாத சுலைமானி டீ டம்ளர் விளிம்பு வரைக்கும் நிறைந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. தொடைக்கு அடியில் கிடந்து மரத்துப்போன வலது கையை நீட்டி, அந்த டம்ளரை எடுத்துக் கேம்ப் பாஸ் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கொதிக்கிற சுலைமானி விரல்களில் வழிந்து, மணிக்கட்டில் இறங்கி, மேஜையெல்லாம் சிதறியது. டம்ளர் காலியாகிற வரைக்கும் அவர் கையை இறக்கவில்லை.