முதல் ஆப்ஷன் ஹிஸ்டரி

டிகிரி அட்மிஷனுக்கு விண்ணப்பிக்க இன்று அப்பாவோடு கிழக்கேகோட்டையில் ஒரு இன்டர்நெட் கடைக்குப் போனேன்.

முதல் ஆப்ஷன் ஹிஸ்டரி என்றேன்.

டைப் செய்துகொண்டிருந்த மலையாளி சேட்டன் சிரித்தார். “ஹிஸ்டரி படிச்சு எந்து செய்யப் போறே மோளே?”

“எங்க அக்ரஹாரத் தெருவுல யாரெல்லாம் நடக்கப்படாதுன்னு வெச்சிருந்தாளோ, அவா எந்த வழியா சுத்திப் போனான்னு கண்டுபிடிக்கணும். ஆத்துல கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறா.”

அப்பாவின் முகம் கறுத்தது. “அவ கிடக்கா. பி.காமை முதல்ல போடுங்கோ.” பிறகு என்னிடம், “நம்ம தெருவை நாமளே நாறடிக்கணுமாடி?”

முதல் ஆப்ஷன் கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை தானாகவே ரத்தாகிவிடும். என் மார்க்குக்கு பி.காம் உறுதி. அது அப்பாவுக்கும் தெரியும்.

உறுதிப்படுத்தும் ஓடிபி என் போனுக்குத்தான் வந்தது. சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம்.

“ஓடிபியைப் பற மோளே, சொல்லு, டைம் போகுது” என்றார் சேட்டன்.

ஆறு எண்களையும் நானே வாசித்தேன். குரல்கூட நடுங்கவில்லை.

யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. பயம், அவ்வளவுதான்.

இப்படித் தாங்களே சம்மதம் சொல்லிவிட்டு பி.காமில் உட்கார்ந்திருப்பவர்கள் கமெண்டில் வாருங்கள். எந்த பெஞ்சில் தூங்கினால் மாட்ட மாட்டோம் என்பதையாவது சொல்லிக் கொடுங்கள்.