லெட்சுமியின் காலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியும்

கிளிநொச்சிக் காப்புறுதி அலுவலகத்தில் நான் நட்டஈட்டுப் பிரிவுக்கு வந்த முதல் கிழமையே, முன் மட்கார்ட் நெளிந்த ஒரு கார் வாசலில் வந்து நின்றது. எண்பதாம் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்த காலம். இறங்கி வந்தவர் சின்னத்துரை, புளியங்குளம் வரை வாடகைக்கு ஓடுபவர். மூன்றாம் தரப்புக் காப்புறுதிப் பத்திரத்தை மேசையில் வைத்து, காரை எப்போது திருத்தித் தருவீர்கள் என்று கேட்டார்.

வன்னியில் அநேகமானவர்கள் அதை மட்டும்தான் எடுப்பார்கள். சட்டம் கேட்கும் ஆகக்குறைந்த காப்புறுதி அது. அது இல்லாமல் காருக்கு வருட லைசென்ஸ் கிடையாது. உங்கள் காருக்கு இதில் ஒரு சதமும் இல்லை, நீங்கள் இடித்த ஆளுக்குத்தான் என்று விளக்கினேன். வழக்கமாக இந்த இடத்தில்தான் எங்களுக்கு நல்ல ஏச்சு விழும். கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அவர் ஏசவில்லை. "அப்ப அந்தப் பிள்ளைக்குக் கிடைக்குமோ?" என்றார்.

அந்தப் பிள்ளை லெட்சுமி. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இரணைமடுப் பக்கம் குடியேறி, வயல்வேலை செய்பவர். சின்னத்துரையின் காரில் அடிபட்டுக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பொலிஸ் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். தானே றோட்டுக்குக் குறுக்கே ஓடியதாக லெட்சுமி சொல்லியிருந்தார். சாரதியில் பிழை இல்லாவிட்டால் நட்டஈடும் இல்லை. அதைச் சின்னத்துரைக்குச் சொன்னேன்.

"அது பொய், ஐயா. மாட்டுவண்டியை முந்தப்போய் நான்தான் பிழையான பக்கம் ஏறினனான். அப்பிடியே எழுதுங்கோ."

பிழையை ஒப்புக்கொள்ளக்கூடாது என்று பத்திரத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. காட்டினேன். வழக்கு வரும், சாரதி லைசென்ஸ் போனால் பிழைப்பும் போகும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் நட்டஈட்டு ஃபோமில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனையைத் திருப்பித் தந்தார்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று லெட்சுமியிடம் கேட்டேன்.

"அவரும் புள்ளகுட்டிக்காரருங்க. எங்காலுக்காக அவரு கார விக்கணுமா?"

காசு அவர் கையிலிருந்து வராது, காப்புறுதியிலிருந்து வரும் என்றேன். நான் ஒன்றுமே கட்டவில்லையே என்றார். சின்னத்துரை கட்டியிருக்கிறார் என்றேன். அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"நா யாருன்னே தெரியாம, எனக்காகக் கட்டி வச்சிருந்தாருங்களா?"

அந்தப் பத்திரத்தின் ஷரத்துகளையெல்லாம் மனப்பாடமாக ஒப்புவிக்கக்கூடியவன் நான். அதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

சின்னத்துரையின் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அவ்வளவு காலமும் அவர் கூலிக்கு வயலில் இறங்கினார். லெட்சுமிக்கு நட்டஈடு கிடைத்தது. ஒருவரையொருவர் காப்பாற்றப் பார்த்த அந்த இரண்டு பேரையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மூன்றாம் தரப்புப் பத்திரத்தை அசட்டையாக எழுதாதீர்கள். அது யாருக்காக எழுதப்படுகிறதோ, அவருடைய பெயர் அதில் இருக்காது. அவர் எங்கேயோ றோட்டோரமாக நடந்து வந்துகொண்டிருப்பார்.