ஆறு கோட் அரக்கு

பட்டுக்கடைக்காரர்களை எனக்குப் பிடிக்காது. அதற்குப் பழைய காரணமும் உண்டு, புதிய காரணமும் உண்டு. என் அப்பா காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் அவர்கள் வீட்டு வாசலோடு நின்று திரும்பியவர்கள். அது பழைய காரணம். புதிய காரணம் ஒரு காரின் கதவு.

செவிலிமேட்டில் தகரக் கூரை போட்ட பெயின்ட் ஷெட் ஒன்று வைத்திருக்கிறேன். இடம் வாடகை, கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் சொந்தம். பைக் டேங்க், ஹெல்மெட் என்று கேண்டி பெயின்ட் அடித்துக் கை தேறியிருந்தது. ஆனால் முழுக் கார் ஒன்றுகூட அதுவரை செய்ததில்லை. சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளி ஒருவர் தன் பழைய காரை அரக்கு நிறக் கேண்டியாக்கித் தரச் சொல்லி வந்தபோது, இது அவர் கடை வாசலில் நின்றால் போதும், இனிமேல் கார்கள் என்னைத் தேடி வரும், ஆட்டோ நெளிவுகளுக்குப் பட்டி பூசித் தேய்த்த காலம் இதோடு ஒழிந்தது என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த மனிதரிடம் சிரித்துச் சிரித்துப் பேசினேன். இப்போது நினைத்தால் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

கேண்டி, மற்ற பெயின்ட் போல அடியில் இருப்பதை மூடாது. முதலில் தங்க நிறத்தில் மினுக்கும் அடிப்பூச்சு. அதன் மேல் சாயம் கலந்த, ஊடே பார்க்கக்கூடிய பூச்சு. வெளிச்சம் சாயத்துக்குள் புகுந்து தங்கத்தில் பட்டுத் திரும்பி வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் நிறம் ஒரு படி இறங்கும். அதனால் எல்லாக் கதவுக்கும், பானட்டுக்கும், டிக்கிக்கும் கோட் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். காரின் ஒரு முனையில் கன்னை அழுத்தினால் மறுமுனை வரை நிற்காமல் நடக்க வேண்டும். முந்தைய வரிசையில் பாதியை அடுத்த வரிசை மூட வேண்டும். கை ஒரு நொடி தயங்கினாலும் அந்த இடத்தில் கோடு விழும். பிறகு அதை எந்தச் சாமியும் அழிக்க முடியாது.

முதலாளி ஒரு அரக்குச் சேலையோடு வந்தார். பழைய ஸ்கூட்டரின் பக்கத் தகடு ஒன்றில் நான்கு கோட்டிலிருந்து எட்டுக் கோட் வரை பட்டை பட்டையாக அடித்து வைத்திருந்தேன். அதை வெயிலுக்கு எடுத்துப் போனார். சேலையை மடித்துப் பக்கத்தில் வைத்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஆறு கோட்டுதான்பா. எட்டு கருத்துப் போச்சு" என்றார்.

சரியாகச் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

அடிக்கிற நாள் காலையில் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமர்த்தினேன். என் மனைவி கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டினாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஆறு கோட்டையும் முடித்தேன். பாம்பு உரித்த சட்டை மாதிரி ஒரே சீராக வந்திருந்தது. சாயத்தைக் காக்கிற, நிறமில்லாத கிளியர் கோட்டை மேலே அடிக்குமுன் அரை மணி நேரம் காய விட வேண்டும். கன்னைக் கழுவ ஷெட்டுக்குப் பின்னால் போனேன்.

திரும்பி வந்தபோது முதலாளி டிரைவர் பக்கக் கதவருகே நின்றிருந்தார். வேட்டி முனையை வாளித் தண்ணீரில் நனைத்து, கதவை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். வேட்டி முனை சிவந்திருந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு அரக்கு போய், தங்கம் கீறல் கீறலாகப் பல்லிளித்தது.

"இன்னாபா இது? சாயம் போவுது!"

"சார், மேல கிளியரே இன்னும் அடிக்கல! உங்கள யாரு தொடச் சொன்னது?"

"முப்பது வருஷமா பட்டு பார்த்துக்கினு இருக்கேன். ஈரத்துல நிக்காத கலரு ஒரு கலரா? எனக்கே டூப்பு உடுறியா?"

எதிர் டீக்கடைக்குக் கேட்கும்படிதான் சொன்னார். இந்த ஊரில் ஒருவன் வேலையைப் பார்த்து சாயம் போகிறது என்று சொல்வதைவிட அவனைச் செருப்பால் அடிக்கலாம்.

அவர் போன பிறகு என் மனைவி பேசினாள். கல்யாணத்துக்கு முன் பட்டுக்கடையில் சேலை மடித்தவள்.

"எந்தச் சேலை வந்தாலும் மொதல்ல ஈரத் துணியால தேய்ச்சிதான்யா பார்ப்பாங்க. அவங்க கை அது பாட்டுக்குப் போவும். குறுக்க ஒரு கயிறு கட்டியிருந்தா இது ஆயிருக்குமா?"

"அப்ப என் தப்புன்றியா?"

"யார் தப்போ. ரெண்டு நாள் ஆவும்னு அவராண்ட சொல்லிட்டு, அந்தப் பக்கம் பூரா தேய்ச்சிட்டு மறுபடி அடி."

அவள் சொன்னதுதான் ஒரே வழி. கேண்டியில் ஒட்டுப்போட முடியாது. அந்த இடத்தில் மட்டும் ஆறு கோட் அடித்தால் ஓரத்தில் பழைய ஆறும் புதிய ஆறும் சேர்ந்து கறுப்பு வளையம் விழும். ஒரு பக்கம் முழுவதையும் உப்புத்தாள் போட்டு இறக்கி, தங்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பெயின்ட் மீதம் இருந்தது. நாளும் இருந்தது. நான் செய்யவில்லை. அந்த ஆளுக்காக இன்னொரு முறை குனிந்து தேய்க்க மாட்டேன் என்று கன்னை எடுத்து, தேய்ந்த இடத்தின் மேலேயே கிளியர் அடித்தேன். என் வாழ்க்கையிலேயே நன்றாக வந்த கிளியர் அதுதான். பாலிஷ் போட்டதும் அந்தத் தேய்ப்பு முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தது.

கார் எடுக்க வந்தவரிடம், "உங்க கைதான் சார். அழியாம உள்ள வெச்சிட்டேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, அதே இடத்தில் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"இப்ப நிக்குது" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் அந்தக் கதவை மாற்றவில்லை. தினமும் கடை வாசலில், அந்தப் பக்கம் தெருவைப் பார்க்கும்படி காரை நிறுத்துகிறார். என்னைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்வதில்லையாம். யார் அடித்தது என்று கேட்டால், செவிலிமேட்டு ஷெட் என்று மட்டும் சொல்கிறாராம். பாவி.

போன மாதம் வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் ஜீப் கொண்டுவந்தார். எனக்கு வந்த இரண்டாவது முழு வண்டி. போனில் ஒரு படத்தைக் காட்டினார். அந்தக் கதவு.

"கலரு இதேதான் வேணும்ணா. இங்க ஒரு கறை இருக்குது பாருங்க, இது மட்டும் வராம அடிச்சுத் தருவீங்களா?"

முதலாளியைத் திட்டித் தீர்த்தபடி நடந்ததை எல்லாம் சொன்னேன். ஜீப்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"அவரு தேய்ச்சாரு, சரி. அது தெரிஞ்சும் மேல கிளியர் அடிச்சது நீங்களாண்ணா?"

"ஆமா."

போனைப் பையில் வைத்தார். "யோசிச்சிட்டு வரேன்ணா" என்று ஜீப்பைத் திருப்பினார். அதன் பிறகு வரவில்லை.

என் மனைவி ஓர் ஆட்டோவுக்காகப் பட்டி கலந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். பட்டிப் பலகையை என் பக்கம் தள்ளினாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன்.