கதிரையின் நாலாவது கால்

1. சனிக்கிழமை ஓவிய வகுப்பில் முன்னால் ஒரு கதிரையை வைத்து வரையச் சொன்னார்கள்.
2. நான் நாலு காலும் வரைந்தேன்.
3. நான் இருந்த இடத்திலிருந்து மூன்றுதான் தெரிந்தது.
4. மறைந்திருந்த காலைத் துண்டு துண்டான கோடுகளால் காட்டி, பக்கத்தில் "மறைந்த பகுதி" என்று குறிப்பும் எழுதியிருந்தேன்.
5. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இந்தக் கால மட்டும் ஏன் தைச்சி வெச்சீக்கிறீங்க?"

அவர் மடவளையில் கேக் செய்து விற்பவர். கேக்கில் பூப்போட வரையப் பழக வந்திருந்தார். நான் வந்த காரணம் வேறு. கண்டியில், மலைச்சரிவில் வீடு கட்டுபவர்களுக்கு மண் சரியாமல் அணைச்சுவர் போட்டுக்கொடுக்கும் கம்பனி ஒன்றில் வரைபடம் தயாரிக்கிறேன். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். நேரில் போய் இடம் பார்த்து வரைந்து வரும் வெளிவேலைக்கு ஓர் இடம் காலியானபோது முதல் ஆளாகக் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் பொறியியலாளர் ஒரு பென்சிலை நீட்டி, மேசையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் காட்டினார். நான் வரைந்ததைச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, மழைக்குள்ள நிண்டு கம்ப்யூட்டர் திறக்கேலாது. கையால கீறப் பழகிக்கொண்டு வாரும். பிறகு பாப்பம்."

ஆகவே வகுப்பு. முதல் வாரம் தாள் முழுக்கக் கோடுகள், அடுத்த வாரம் வட்டங்கள், பிறகு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைதல். ஹேவாஹெட்டையிலிருந்து அம்மா போனில் கேட்டார்: "படிச்சு முடிச்சு வேலைக்கும் போயாச்சு. இப்ப என்னத்துக்குடி பாலர் வகுப்புப் புள்ள மாதிரி கோடு கிறுக்குற?" நியாயமான கேள்விதான்.

வகுப்பில் ஒருவர் வரைந்ததைப் பற்றி மற்றவர் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எது சரி, எங்கே பிழை, அடுத்து என்ன செய்யலாம். வெறுமனே "நல்லாயிருக்கு" என்று சொல்லக்கூடாது. இது என்னைப் போன்றவளுக்காகவே போட்ட விதி என்று நினைத்தேன். கேக்குக்காரரின் ரோஜாவுக்கு இதழ்வாரியாக அட்டவணை போட்டு, மில்லிமீட்டரில் பிழை எழுதிக் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். "எல்லாம் சரி தங்கச்சி. ஆனா இதப் பாத்தா பூ வாடிப் போயிரும்."

என் கதிரையைப் பற்றி அவர் சொன்னது அட்டவணை இல்லாமலே பயன்பட்டது. "இருக்கையும் முதுகும் சரியா ஈக்கி. கால்லதான் பிழை. காலப் பாக்காதீங்க, காலுக்கு நடுவுல ஈக்கிற ஓட்டைய வரைங்க."

ஓட்டைகளுக்கு எந்த அளவும் எனக்கு மனப்பாடம் கிடையாது. வேறு வழியில்லாமல் பார்த்தேன். மூன்று கால் வந்தது. அன்றிலிருந்து ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டேன்: தெரியாததை வரையமாட்டேன்.

அந்தத் திமிரோடுதான் பொறியியலாளர் வைத்த சோதனைக்குப் போனேன். ஹந்தானைப் பக்கம் ஒரு வீட்டின் பின்னால் பழைய அணைச்சுவர்; அதைத்தான் வரைய வேண்டும். முன்னால் பெரிய பலாமரம். பின்வாசற்படியில் நின்று மரத்தை வரைந்தேன், அது மறைத்ததை மறைத்தபடியே விட்டேன். பலாக்காய் ஒன்றுகூட விடவில்லை. பொறியியலாளர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"நல்லாக் கீறியிருக்கிறீர். மரத்துக்குப் பின்னால சுவர் வெடிச்சிருக்கோ?"

"இங்கருந்து தெரியல, சார்."

"அப்ப ஏன் பிள்ளை இங்கயே நிண்டனீர்?"

வகுப்பில் ஒருநாளும் கதிரையைச் சுற்றி யாரும் நடக்கவில்லை.

"அங்கால போய் நிண்டு இன்னொண்டு கீறும்" என்றார். சரி, பிழை, அடுத்து: வகுப்புக்கே வராமல் மூன்றையும் சொல்லிவிட்டார்.

மரத்தைச் சுற்றிப் போனேன். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. தூறலில் தாள் நனைய நனைய வரைந்தேன். கோடெல்லாம் கோணல், ஆனால் வெடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவர் முதல் தாளை என்னிடம் திருப்பித் தந்து, இரண்டாவதைக் கோப்பில் வைத்தார்.

வெளிவேலை இன்னும் உறுதியாகவில்லை. வியாழக்கிழமைகளில் மட்டும் கூட்டிப் போகிறார், மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்வாராம். சனிக்கிழமை வகுப்புக்கும் போகிறேன். பலாமரப் படம் கேக்குக்காரரிடம் இருக்கிறது, அதைப் பார்த்துக் கேக்கில் போடப் போகிறாராம்.