வேர்க்கும் கைக்கு ஒரு பிடி

போன வாரம் துளை போடும் மெஷினின் கைப்பிடி ஒன்று என் மேஜைக்கு வந்தது. மதுரை ரோட்டில் பிளாஸ்டிக் வார்ப்பு செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் தரம் பார்ப்பது என் வேலை. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் நடுவாக ஒரு கோடு மேடு தட்டி நிற்கும். அதைச் சரியாகச் சீவாமல் அனுப்பியிருந்தார்கள். அளவுக் கருவியை எடுப்பதற்கு முன்பே என் கட்டைவிரல் அந்தக் கோட்டின் மேல் போய்விட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சதை இருக்கிறதே, அங்கே பழைய எரிச்சல் ஒன்று எழுந்தது.

அதே கோடு முன்பு ஒரு துப்பாக்கியில் இருந்தது. பயப்படாதீர்கள், ஏர் பிஸ்டல். காற்றால் சுடுவது, எதிரே தொங்கும் அட்டையில் மிளகு அளவுக்கு ஓட்டை போடுவது. நான் பாலிடெக்னிக் படித்த காலத்தில் திண்டுக்கல்லில் ஒரு தகரக் கொட்டகையில் அதற்கு கிளப் நடந்தது. கொட்டகையின் மறுபாதியில் கல்யாண வாடகை நாற்காலிகளை அடுக்கியிருப்பார்கள். முகூர்த்த நாட்களில் நாற்காலி ஏற்றுகிற சத்தத்தில் குறியே பார்க்க முடியாது. "அதுவும் பயிற்சிதாம்மா, சுடு" என்பார் கோச் சார்.

கிளப்பில் இருந்தவை விலை குறைந்த பிஸ்டல்கள். குழலைக் குறை சொல்ல முடியாது. கைப்பிடிதான் சோப்பு டப்பா. உள்ளே பொந்து, வெளியே வழவழப்பு, நடுவில் அந்தக் கோடு. எனக்கு அது தொந்தரவு, அவ்வளவுதான். என் அட்டையைப் பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும், எந்தப் பிடியும் என்னைக் காப்பாற்றியிருக்காது.

நஸீமா அப்படி இல்லை. அடுத்த தெருப் பெண், ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கை நீட்டினால் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கும். ஆனால் உள்ளங்கை வேர்க்கும். சாதாரண வேர்வை இல்லை. பரீட்சையில் விடைத்தாளுக்கு மேல் கைக்குட்டையை விரித்து அதன்மேல் கை வைத்து எழுதுகிறவள். அந்தக் கையில் அந்த சோப்பு டப்பா நிற்குமா? சுடச்சுடக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, முதலில் அட்டையின் நடுவே பத்துப் புள்ளியில் விழுந்த குண்டு கடைசியில் ஏழுக்கும் ஆறுக்கும் போய்விடும்.

சென்னையில் ஒரு காலேஜ் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் தரத் தயாராக இருந்தது. மதுரையில் நடக்கும் தகுதிப் போட்டியில் தேறிவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. அவளுடைய அத்தாவுக்கும், அதாவது அப்பாவுக்கும், அதே நிபந்தனை. "தேறிட்டா ஹாஸ்டலுக்கு நானே பெட்டி தூக்கிட்டு வாரேன் தாயி. இல்லேன்னா ஆம்பூர்க்காரங்களுக்குப் பதில் சொல்லணும்ல?" ஆம்பூர்க்காரர்கள் என்றால் மாப்பிள்ளை வீட்டார். அத்தா தோல் வியாபாரி, குரல் உயர்த்தாத மனிதர். நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

அதனால் கைப்பிடியைச் சரி செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மெக்கானிக்கல் படிக்கிறவள் என்ற திமிர்தான். எதையும் வரிசை போட்டு, ஒன்று ஒன்றாக அடித்துக்கொண்டு போவது அப்போதும் என் பழக்கம். முதலில் உப்புத்தாளால் அந்தக் கோட்டைத் தேய்த்து எடுத்தோம். எரிச்சல் நின்றது, வழுக்கல் நிற்கவில்லை. அடுத்து சைக்கிள் டியூபை வெட்டி உறை மாதிரி மாட்டினோம். பிடி கிடைத்தது, ஆனால் கையெல்லாம் கறுப்பு. "சோத்துல கரி ஒட்டுதுடி, துப்பாக்கி சுடுறியா அடுப்பு ஊதுறியா?" என்று அவள் அம்மா சத்தம் போட்டார்கள். பிறகு சால்டரிங் கம்பியால் பிளாஸ்டிக்கில் புள்ளி புள்ளியாகச் சுட்டேன். பலாப்பழத் தோல் மாதிரி ஆனது. அந்தக் கருகல் நாற்றம் என் துப்பட்டாவில் இரண்டு துவைப்புக்குத் தாங்கியது. மற்றவர்களுக்கு அது போதும். நஸீமாவின் வேர்வை அந்தக் குழிகளிலும் குளம் கட்டியது.

பொந்தை அடைத்தது நல்ல வேலை. குழாய் ஒழுகலுக்கு வைக்கும் பசையில் பூட்டுப் பட்டறையில் வாரிய பித்தளைத் தூளைப் பிசைந்து உள்ளே திணித்தோம். கையில் கனம் உட்கார்ந்தது. மிச்சப் பசையை வெளியே பூசி, அது இறுகுவதற்குள் நஸீமாவைப் பிடிக்கச் சொன்னேன். அவளுடைய விரல்களின் பள்ளம் அதில் அப்படியே பதிந்தது. "இனி இதை வேற யாரும் பிடிக்க முடியாதுடி, மாப்பிள்ளையே கேட்டாலும்" என்றேன். அடித்தாள்.

கடைசியில் தோல். அவள் அத்தா கடையில் கழித்துப் போட்ட மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு. வழவழப்பான மேல்பக்கத்தை உள்ளே வைத்து, சொரசொரப்பான உள்பக்கம் வெளியே தெரிய ஒட்டினோம். அது வேர்வையைக் குடித்தது. அன்று சாயங்காலம் அவள் அட்டையின் நடுவில் ஒரே ஒரு கிழிசல்தான் இருந்தது, எல்லாக் குண்டும் அதற்குள். கோச் சார் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாற்காலி ஏற்ற வந்த ஆள், "ஏத்தா, யாரு மேல கோவம்?" என்றார்.

அத்தாவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. "தோலைத் திருப்பி ஒட்டிருக்கீகளே, சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி. தோல்காரன் மக கையில இருக்கிறதப் பாத்தா நாலு பேரு சிரிப்பான்."

"பாக்க வேணாம்த்தா, பிடிக்கத்தான்" என்றாள் நஸீமா.

பயிற்சி முடிந்ததும் ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, கைப்பிடியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காற்றாடிக்குக் கீழே காய வைப்பாள். நானும் கோச் சாரும் அவளோடு போட்டிக்குப் புறப்பட்ட காலையில் அத்தா அதைச் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, பஸ் ஏறும்போது கையில் கொடுத்தார். "பத்திரம். அங்க போயி பிரி."

மதுரையில் பிரித்தாள். முதலில் வாசனை வந்தது, அத்தா கடை வாசனை. தோல் கறுத்து, மினுமினுவென்று, கல்யாண ஷூ மாதிரி இருந்தது. வறண்டு கிடந்த தோலைப் பார்க்கப் பொறுக்காமல், வெளியூர் போகிற சாமானாயிற்றே என்று, அவர் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். வறண்ட தோலைச் சும்மா விட எந்தத் தோல்காரருக்கும் மனசு வராது.

நஸீமா முதலில் சிரித்தாள். பிறகு பிடித்துப் பார்த்தாள், வழுக்கியது; எண்ணெய் குடித்த தோல் வேர்வையைக் குடிக்கவில்லை. முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டித் தேய்த்தோம், எண்ணெயோடு சேர்ந்து கொழுக்கட்டை மாவாக ஆனது. கைக்குட்டையைச் சுற்றலாமா என்று கோச் சார் கேட்டதற்கு, அதிகாரி முடியாது என்றார். தோலை உரிக்கப் பார்த்தேன்; என் ஒட்டு அவ்வளவு உறுதி. பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஒவ்வொரு குண்டுக்கும் அவள் பிடியைத் தாழ்த்தி, கையைப் பேன்ட்டில் துடைத்து, மறுபடி பிடித்தாள். ஆணி மாதிரி நின்ற கை கடைசி வரை அப்படியேதான் நின்றது. அந்தக் கைக்குள் பிடிதான் திரும்பியது. தேறவில்லை.

திரும்பும் பஸ்ஸில் வாடிப்பட்டியைத் தாண்டினோம். அப்புறம், "அத்தாட்ட ஒண்ணும் சொல்லிராத" என்றாள் நஸீமா.

"காலேஜ் போயிரும்டி. சொன்னா இன்னொரு தடவை அனுப்புவாரு."

"சொன்னா அவரு அந்தக் கடைக்குள்ள எப்படிடி உக்காருவாரு?"

கடை வாசலிலேயே அத்தா நின்றிருந்தார். "கை நடுங்கிருச்சுத்தா" என்றாள். அவர் அவள் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "போதும் தாயி. இம்புட்டு பயந்துக்கிட்டு ஒண்ணைச் செய்யணும்னு என்ன இருக்கு? இனி வேணாம்." நல்ல மனசோடுதான் சொன்னார். ஆம்பூருக்கும் பதில் சொல்லிவிட்டார்.

நிக்காஹ் பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, இன்னொரு கரண்டி பிரியாணி வைக்கச் சொன்னார். போகும்போது குனிந்து கேட்டார்: "புள்ளைக்குத்தான் கை நடுங்கிருச்சு. பிடி நல்லா இருந்துச்சுலம்மா? நானே எண்ணெ போட்டேன்."

"நல்லா இருந்துச்சுத்தா" என்றேன்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. கிளப் கலைந்து பிஸ்டல்கள் எங்கே போயின என்று கோச் சாருக்கே தெரியாது. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் எடுக்கிறார். தோல் கடையை வாடகைக்கு எடுத்தவர்கள் செல்போன் விற்கிறார்கள், உள்ளே ஏசி, ஒரு வாசனையும் இல்லை. போன வருஷம் அத்தா போய்விட்டார். நஸீமா ஆம்பூரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். கூட்டம் கலைந்த மூன்றாம் நாள் அவளோடு உட்கார்ந்திருந்தேன். அவளுடைய மாமியார் யாரிடமோ பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மருமக துப்பாக்கியெல்லாம் சுட்டவ. கை நடுங்கும்னு விட்டுட்டா."

நான் மெல்ல, "இனிமேலாவது சொல்லேண்டி, நடுங்கலைன்னு" என்றேன்.

பாயின் பிரிந்த கோரை ஒன்றை அவள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டடி சொல்ல?" என்றாள்.