ஒரு விரல் இடைவெளி

இது கதை இல்லை. போன வைகாசியில் எங்கள் வீட்டில் பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரிதான் வரும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம். படித்தால் மத்தியானம்கூடக் கண்ணை மூட முடியாது.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் எங்கள் வீடு. அம்மா, அண்ணன் கொளஞ்சிநாதன், நான். நான் பத்தாவதோடு நின்றுவிட்டவள். யாரிடமும் அதிகம் பேச மாட்டேன்.

அண்ணனுக்கு இரண்டாம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வேப்பூர், பெயர் சண்முகப்ரியா. அவள் வருவதற்குள் கடைசி அறையைச் சரிசெய்ய வேண்டும் என்றான். அந்த அறையில் கதவை ஒட்டி நான்கு டைல்ஸ் உடைந்திருந்தன. உடைத்தது பானுமதி அண்ணி. முதல் அண்ணி.

அதற்கு முந்தின வருஷம், இதே கத்திரி வெயில். தன்னைக் கேட்காமல் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போனாள் என்று, அண்ணியை அந்த அறைக்குள் தள்ளி வெளித் தாழ்ப்பாள் போட்டான் அண்ணன். மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் யாரும் ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாது என்றான். அண்ணி எவர்சில்வர் டம்ளரால் தரையைத் தட்டினாள். டங்... டங்... டங்... மூன்று தட்டு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று. இரண்டாம் நாள் நான் சொம்பில் தண்ணி எடுத்துக்கொண்டு கதவு வரை போனேன். அம்மா பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் சத்தம் நின்றுபோனது.

ஜுரத்தில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னோம். நானும் சொன்னேன்.

டைல்ஸைப் பெயர்த்தால் தூசி, நாலு நாள் வேலை. அதனால் மேலேயே மரத்தரை மாதிரி போட்டுவிடலாம் என்று ஷமீர் பாயைக் கூட்டி வந்தான் அண்ணன். பாய் துபாயில் எட்டு வருஷம் இதே வேலை பார்த்தவர். லேமினேட் பலகை. ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொள்ளும், ஆணி கிடையாது, பசை கிடையாது. இதற்கு ஒரே எதிரி தண்ணிதான், பட்டால் உப்பிவிடும் என்று சொன்னார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஈரம் பார்க்க, தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார். புதன் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தார். தாளுக்கு அடியில் எங்கும் ஈரம் இல்லை. கதவுப் பக்கம் மட்டும்... ஒரு வட்டம். பொடிப்பொடியாக நீர் கோர்த்து, ஒரு டம்ளரின் அடி அளவுக்கு.

"தம்பி, தரை வேர்க்குது. ஒரு வாரம் காயப் போடலாம்," என்றார் பாய்.

"இந்த வெயில்ல எனக்குந்தான் வேர்க்குது. என்னையும் காயப் போடுவீங்களா பாய்?" என்று சிரித்தான் அண்ணன்.

வியாழக்கிழமை பாய் ஃபோம் விரித்து, பலகைகளை வரிசையாகக் கோர்த்துத் தட்டினார். தரை ஒரு விரல் உயர்ந்தது. உள்பக்கம் திறக்கிற கதவு, இடிக்கும். அதைக் கழற்றி, அடியை அறுத்து, கீழே ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டினார். வெளித் தாழ்ப்பாள் அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"அது இருக்கட்டும் பாய்," என்றான் அண்ணன். "தேவைப்படும்."

சண்முகப்ரியாவுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் அதிகம்.

வெள்ளிக்கிழமை. அம்மா பத்திரிகை வைக்கக் கம்மாபுரம் போயிருந்தாள். பாய் 12.25 மணிக்கு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். 12.30. கரண்ட் போனது. 12.35. அண்ணன் அறைக்குள் போய், கதவு சரியாக மூடுகிறதா என்று சாத்திப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு மூடியது.

திறக்கவில்லை.

முதலில் பாயைத் திட்டினான். பிறகு இழுத்தான், உதைத்தான். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அவன் போன் கூடத்தில் சார்ஜரில் கிடந்தது.

நான் குனிந்து பார்த்தேன். தாழ்ப்பாள் போடவில்லை. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும்... இல்லை. உள்ளே பலகை உப்பி எழும்பிக் கதவைக் கவ்வியிருந்தது.

12.48. உள்ளே ஒரு சத்தம். டொக்... டொக்... டொக்...

ஃபோம் மேல் டங் என்று கேட்காது. ஆனால் மூன்றுதான்.

"யாரு?" என்றான் அண்ணன். என்னைக் கேட்கவில்லை.

12.55. "பாப்பா... தண்ணி குடு." குரல் காய்ந்து உரசியது. உள்ளே போய் இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

சொம்பு நிறையத் தண்ணி மொண்டு வந்தேன். கதவைத் தள்ளினேன்.

தள்ளினேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். தேவைப்படும்... தேவைப்படும்...

1.05. டொக். டொக். டொக்.

1.10. "தண்ணி..."

1.15. என் காதுக்குப் பக்கத்தில். கதவுக்கு இந்தப் பக்கம். அண்ணியின் குரல்.

"அன்னிக்கும் இங்கதான் நின்ன, பாப்பா."

சொம்பு கை நழுவியது.

தண்ணி சிந்தவில்லை.

சொம்பில் ஒரு சொட்டுகூட இல்லை...

1.40 மணிக்கு பாய் வந்து கடப்பாரையால் கதவைப் பெயர்த்தார். அண்ணன் கதவை ஒட்டிக் கிடந்தான். உதடெல்லாம் வெடிப்பு. நாக்கு தடித்துக் கறுத்திருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

பிறகு பாய் பலகைகளைப் பிரித்தார். அத்தனையும் ஊறி உப்பியிருந்தன. ஆனால் அடியில் இருந்த ஃபோம் காய்ந்து கிடந்தது. தரையும் காய்ந்து கிடந்தது. தண்ணி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவர் எங்கள் தெருப்பக்கம் வருவதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம் கேட்டதை, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள்.

"மூணு நாளா இவருக்கு யாருமே தண்ணி குடுக்கலையா?"

அன்று காலை பத்து மணிக்கு அவன் ஒரு சொம்பு மோர் குடித்தான். கொடுத்தது நான். அறைக்குள் இருந்தது ஒரு மணி ஐந்து நிமிஷம்.

வெளித் தாழ்ப்பாளை நானே கழற்றிக் கிணற்றில் போட்டேன். சண்முகப்ரியா எங்கேயோ நன்றாக இருக்கட்டும்.

என் அறையில் பலகை கிடையாது. வெறும் சிமெண்டுத் தரை. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி எப்போதும் உண்டு. தினமும் அளந்து பார்க்கிறேன்.

நேற்று 12.35. உள்ளே போய்ச் சாத்தினேன்.

திரும்பத் திறந்தபோது, கதவு லேசாகப் பிடித்தது.