மாயாண்டி அண்ணன் பார்த்த புகை

பலூன் மாயாண்டி அண்ணன் போய்விட்டார்... விடிகிற நேரத்தில், தூக்கத்திலேயே.

நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் தோட்டம். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எனக்குப் பக்கத்து ரோலர் மெஷின் அவருடையது. லுணுகலைப் பக்கம் இருக்கும் நண்பர்கள் மதியத்துக்குள் வந்தால் முகம் பார்க்கலாம்.

வாருங்கள்... ஆள் குறைவாக இருக்குமோ என்று பயமாக இருந்தது. காரணம் சொல்கிறேன்.

அண்ணன் முன்னே வெள்ளைக்காரப் பட்டாளத்தில் பலூன் செக்‌ஷனில் இருந்தவர். கயிற்றில் கட்டிப் பலூனை மேலே விடுவார்கள். ஒல்லியான ஆள் என்று கூடையில் இவரைத்தான் ஏற்றுவார்களாம். எதிரி எங்கே என்று பார்த்து டெலிபோனில் கீழே சொல்ல வேண்டும்.

தோட்டத்தை நடத்தும் எங்கள் துரையும் அதே செக்‌ஷனில் ஆபீசர். ஆகாய விமானம் வந்து பலூனுக்கு மவுசு போனதும், பழைய பலூன் ஒன்றை ஏலத்தில் எடுத்துவந்து ஸ்டோர் மாடியில் போட்டுவிட்டார். அதை வெயிலில் விரித்து உலர்த்தி மடிப்பதும் அண்ணன் வேலை. எலி கடித்தால் துரைக்குக் கோபம், அண்ணனுக்குச் சந்தோஷம்!

ஒருநாள் மடித்துக்கொண்டே சொன்னார். "எல்லைப் பக்கம் சண்டை தம்பி. பள்ளத்துல பொகை தெரியுதுன்னு நாந்தான் சொன்னேன். பீரங்கி போட்டாங்க. பொறகு அந்த வழியா நடந்து போறோம்... சட்டியும் பிசைஞ்ச மாவுமா கெடக்கு. அடுப்புப் பொகை தம்பி. வெறும் அடுப்புப் பொகை."

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது, ஸ்டோர் பாதையிலிருந்து நாங்கள் குடியிருக்கும் லயங்களின் அடுப்புப் புகை கீழே தெரியும். அண்ணன் மட்டும் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். மேட்டு லயத்துக் காளியம்மா குடும்பம் சொல்லாமல் தோட்டத்தை விட்டு ஓடிவிட்டது. பிடிபட்டால் ஜெயில். துரை, அண்ணனைப் பாறை உச்சிக்குக் கூட்டிப்போய்த் தூரக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டியைச் சுமந்துகொண்டு நானும் போனேன்.

காட்டுக்குள் மெல்லிசாகப் புகை. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

"என்ன மாயாண்டி, பொகையா?"

"பனிங்க தொரை."

"நல்லாப் பாரு."

"பனிதாங்க."

துரையும் அந்தத் தொழில் செய்தவர்தானே... கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். காட்டுப் பக்கம் ஆளனுப்பினார். சாயந்திரம் எல்லாரையும் பிடித்து வந்துவிட்டார்கள். ஜெயிலுக்குப் போன காளியம்மாவின் புருஷன் திரும்பி வரவே இல்லை.

மாயாண்டிதான் காட்டிக் கொடுத்தான் என்று மேட்டு லயம் முடிவு கட்டிவிட்டது. அதிலிருந்து அண்ணன் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அவர்கள் வருவதில்லை. நான் பக்கத்தில் நின்றேன், பனி என்றுதான் சொன்னார் என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்?

எனக்கு எரிச்சல் அவர் மேல்தான். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாமே!

"விடு தம்பி," என்றார். "அங்க சண்டையில நாஞ் சொன்னதுக்கு யாரும் வந்து ஏங்கிட்டக் கேக்கலையே... இவங்களாச்சும் கேக்கட்டும்."

இன்று காலை துரை, பலூன் துணியில் ஒரு துண்டு வெட்டி அனுப்பியிருந்தார். உடம்பு மேல் போர்த்தவாம். அண்ணி கையால் தொடவில்லை.

"இது அவரு மேல படக் கூடாது. கொண்டு போய்க் குடுத்துருங்க."

கொண்டுபோனேன். ஸ்டோர் பாதையில் ஏறும்போது கால் நின்றுவிட்டது.

சாவு விழுந்தால், உடம்பை எடுக்கும்வரை லயத்தில் யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். எங்கள் லயம் சரி... மேட்டு லயம்? பயந்துகொண்டேதான் கீழே பார்த்தேன்.

காளியம்மா வீட்டுக் கூரையிலும் புகை இல்லை.

போய் வாங்க அண்ணே... இன்னைக்கு நீங்க கீழே பாக்கலாம்.